ஆறாவது கோப்பு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த நோட்டு பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் குடிக்கிறார், எத்தனை தடவை புரையேறுகிறது, எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்காருகிறார் என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். தண்ணீர் 700. புரை நான்கு. உட்கார்ந்தது இரண்டு மணி நேரம். இதற்குக் கால் பக்கம் போதும். மீதி இடத்தில் என் வேலையை எழுதிக்கொள்கிறேன்.

என் வேலை அந்த லேப்டாப்.

அப்பா மில்லில் சங்கச் செயலாளராக இருந்தபோது சுற்றறிக்கை அடிப்பதற்காக வாங்கியது. வயது பதினான்கு. பத்து அங்குலம், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. ஒரு ஜிபி ரேம். அரதப் பழைய விண்டோஸ். ஆன் செய்தால் திரை வர ஆறு நிமிடம்; நேற்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் மறுபடியும் ஆறு நிமிடம்.

தூக்கிப் போட முடியாது. அப்பாவுக்கு மார்ச்சிலிருந்து பேச்சில்லை. நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிற வியாதி. நாக்கு முதலில் போனது, அப்புறம் கால், அப்புறம் இடது கை. வலது கையில் இரண்டு விரல்கள் மிச்சம். பேனா நிற்காது. ஆனால் மணிக்கட்டை மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டால் இந்தக் குட்டிக் கீபோர்டு முழுக்க அந்த இரண்டு விரலுக்கு எட்டும். என் பெரிய லேப்டாப்பில் பாதி கூட எட்டவில்லை. ‘தண்ணி’, ‘ஃபேன்’, ‘முதுகு’ என்று அடித்துக் காட்டுவார், நாங்கள் படிப்போம்.

தாகம் எடுத்த மனிதன் அதைச் சொல்ல ஆறு நிமிடம் காத்திருப்பது என்ன ஏற்பாடு? இயங்குதளத்தை மாற்றப்போகிறேன். கூடவே தமிழில் பேசுகிற மென்பொருள் ஒன்றையும் போட்டுவிட்டால், அவர் அடிப்பதை அதுவே வாய்விட்டுச் சொல்லும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோயம்புத்தூர் போய் வந்தோம். ஊதும் கருவியில் அப்பாவை மூன்று தடவை ஊதச் சொன்னார் டாக்டர். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

“தம்பி, மூச்சு நாப்பது பர்சன்ட்தான் இருக்குது. ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு. அதுக்கப்புறம் தானா இழுக்க முடியாது. தொண்டையில ஓட்டை போட்டு குழாய் வெச்சா மெஷின்ல மூச்சு குடுக்கலாம். வீட்டுலயே வெச்சுப் பாக்கலாம். அப்பிடி வருஷக்கணக்குல இருக்கறவங்களும் உண்டு. வேண்டாம்ங்கறவங்களும் உண்டு. ரெண்டுமே தப்பில்ல. ஆனா மூச்சுத் திணறி வந்து நிக்கறப்ப முடிவு பண்ணாதீங்க. இப்பவே அவர்கிட்டக் கேட்டுருங்க.”

“சரிங்க டாக்டர்.”

“கேப்பீங்கல்ல?”

“கேக்கறனுங்க.”

திரும்பி வந்தபோது கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தக் கதவு சரியாகச் சாத்தாது போல. அப்பா எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடுமலைக்குத் திரும்பும் வழியில் காரிலேயே லேப்டாப்பின் ப்ராசஸர் விவரத்தைத் தேடினேன். 32 பிட். எதிர்பார்த்ததுதான்.

ஆகஸ்ட் 7, புதன்

அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேழ்வரகுக் கூழை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கட்டி ஒன்று இருந்தாலும் அப்பாவுக்குப் புரையேறும்.

“அவர்கிட்டக் கேக்கறதா? உனக்கென்ன கிறுக்கா கண்ணு? நீங்க சாவறீங்களா, மெஷின்ல கெடக்கறீங்களான்னு ஒரு மனுசன்கிட்ட மூஞ்சியப் பாத்துக் கேப்பாங்களா?”

“டாக்டர்தாம்மா கேக்கச் சொன்னாரு.”

“டாக்டரு சொல்லுவாரு. அவரு வூட்டுல கேப்பாரா? உங்கப்பாவப் பெத்த அப்பாருக்குப் புத்துநோவு வந்தப்ப கடைசி மட்டும் வவுத்துப் புண்ணுன்னுதான் சொன்னோம். ஒண்ணுந் தெரியாம நிம்மதியாப் போனாரு. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே செத்திருப்பாரு.” வடிகட்டியைத் தட்டினாள். “உங்கப்பாவ எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்கும் பாரமா இருக்கப் பிரியப்படமாட்டாரு.”

அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குரல் தயாரானதும் கேட்பேன். இது விரலால் ‘ஃபேன்’ என்று அடிக்கிற விஷயம் அல்ல. அவர் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முதலில் வசதி வேண்டும். கருவி முதலில், கேள்வி பிறகு. அதுதான் சரியான வரிசை.

ஆகஸ்ட் 10, சனி

தண்ணீர் 680. புரை ஐந்து.

மூன்று லினக்ஸ் இயங்குதளங்களைப் பென்டிரைவில் ஏற்றி, என் பழைய கணினியில் ஒரு ஜிபி ரேம் மட்டும் விட்டு ஓட்டிப் பார்த்தேன். முதலாவது அழகாக இருக்கிறது. அழகே பாதி ரேமைத் தின்கிறது. இரண்டாவதில் 32 பிட்டைக் கைவிட்டுவிட்டார்கள், இணையதளத்தில் மட்டும் இன்னும் பெருமை. மூன்றாவது டெபியன். பார்க்க அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் உறைந்து நின்றுபோகாது. டெபியன்தான். ரேமை இரண்டு ஜிபி ஆக்கிவிட்டால் நாற்பது விநாடியில் எழுந்து நிற்கும்.

அப்பாவிடம் சொன்னேன். நீளமாக விளக்கினேன். அவர் அடித்தார்: “மாத்தாதே.”

“ஏனுங்கப்பா?”

“வேலை இருக்கு.”

“இதுல என்னங்கப்பா வேலை? சங்கத்துக்குச் சர்க்குலரா?”

சிரித்தார். இப்போது அவர் சிரிப்பு மூச்சும் எச்சிலும்தான். துடைத்துவிட்டேன். மறுபடி அடித்தார். ஷிப்ட் சாவியை அழுத்திப் பிடிக்க அவரால் முடியாது. ஒரு தடவை தொட்டால் ஒட்டிக்கொள்கிற மாதிரி நான்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் ஒரு வரிக்கு மூன்று நிமிடம்.

“பத்துப் பதினஞ்சு நாள் பொறு.”

இந்த மனிதருக்கு நாட்கள் என்னவோ கொட்டிக் கிடக்கிற மாதிரி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தண்ணீர் 650. புரை ஆறு. ரேம் கூரியரில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரேம் மாற்றினேன். பின்பக்கம் ஒரே திருகு, இரண்டு நிமிட வேலை. ஆறு நிமிடம் நாலரை ஆனது. போதாது. குற்றவாளி ஹார்ட் டிஸ்க். சோதித்ததில் பதினேழு இடங்களில் கெட்டுப்போயிருக்கிறது. காதை வைத்தால் பல்லி மாதிரி ‘டிக், டிக்’ என்கிறது.

காலை பத்து முதல் பதினொன்று வரை அப்பா அதில் எதையோ அடிக்கிறார். அம்மா குளிக்கிற, துவைக்கிற நேரம். நான் பக்கத்தில் போனால் இரண்டு விரலாலும் மூடியைத் தள்ளி மூடப் பார்க்கிறார். மூடி பாதி வழியில் நின்றுவிடுகிறது. நானே மூடிவிட்டு வந்துவிடுகிறேன். எனக்கென்ன.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஒப்புக்கொண்டார்! கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்:

“சரி. நாளைக்கு எடுத்துக்க. உள்ள இருக்கறதெல்லாம் பொறுமையாப் பாரு.”

‘பொறுமையா’ என்ற சொல் என் மேல் ஒரு குத்து. பள்ளிக்கூடத்திலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். “பாத்துக்கறனுங்கப்பா” என்றேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நடுவிரல் இன்று அவ்வளவாகத் தூக்கவில்லை. ஆட்காட்டி விரல் மட்டும்தான் ஓடுகிறது.

தண்ணீர் 500.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் பென்டிரைவிலிருந்து டெபியனைத் தற்காலிகமாக ஓட்டி, டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சங்கப் புகைப்படங்கள் இருநூறு. எடுத்துவைத்தேன். என் கல்லூரிக் கட்டண ரசீதுகள், எதற்கென்று தெரியவில்லை. எடுத்துவைத்தேன். இன்னொரு ஃபோல்டரில் 1 முதல் 6 வரை எண் போட்ட கோப்புகள். கடைசியைத் திறந்தேன். முழுக்கக் குப்பை. முதல் வரி இது:

etePjDf;F

அதற்குக் கீழே இருபது வரி இதே கதி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கிடந்தது. கெட்ட இடங்கள் கோப்புகளைத் தின்றிருக்கின்றன. போனில் ஒரு படம் எடுத்து வெளிநாட்டு இணையக் குழு ஒன்றில் போட்டேன். பத்து நிமிடத்தில் மூன்று பேர் பதில்: டிஸ்க் சாகிறது, நல்ல கோப்புகளை எடுத்துக்கொள், மீதியை மற. நானும் அதைத்தான் நினைத்தேன்.

கெட்ட இடங்களை ஒதுக்க வேண்டுமானால் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதிச் சரிபார்க்க வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்யாமல் மேலோட்டமாக அழித்துவிட்டு, பிறகு அழுவார்கள். நான் முறையாகச் செய்தேன். நாலு மணி நேரம். டெபியன் ஏறியது.

முதல் துவக்கம்: முப்பத்தெட்டு விநாடி.

ஆகஸ்ட் 29, வியாழன்

குரல் வேலை செய்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் தமிழ். “வணக்கம் சென்னியப்பன்” என்று அப்பா பெயரை அடித்துப் பேசவைத்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஆரு அது? ரயில்வே டேசன்ல பேசறவனா?”

அப்பா குரலைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிங்கப்பா இருக்குது?”

பார்வை மாறவில்லை. புருவத்தைத் தூக்கினார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்பது போல. “எல்லாம் பாத்துட்டனுங்கப்பா. போட்டோவெல்லாம் பத்திரமா இருக்குது” என்றேன். இன்னும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

கீபோர்டில் தகராறு. அவர் விரலுக்குத் தெரிந்தது பழைய தட்டச்சு முறை. நான் போட்டது புதிய முறை. கற்றுக்கொண்டால் இதுதான் வேகம். அவர் தொட்டதெல்லாம் வேறு எழுத்தாக வந்தது. “பழகிக்குங்கப்பா, நாலே நாள்” என்றேன். அவர் கையைத் துண்டிலிருந்து மடிக்கு நழுவ விட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பழகவில்லை. பழைய முறையையே போட்டுக்கொடுத்தேன். அமைப்பில் ஐந்து நிமிட வேலை, முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் ஆட்காட்டி விரலும் இப்போது சாவியைத் தேடி நகர்வதில்லை. இருந்த இடத்திலேயே அழுத்துகிறது.

மாற்று வழி: திரையில் எட்டுப் பெட்டிகள். தண்ணீர், ஃபேன், வலி, மூச்சு, பாத்ரூம், அம்மா, வேண்டும், வேண்டாம். வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தாவும். சரியான இடம் வரும்போது ஒரே ஒரு சாவியை அழுத்தினால் போதும். இரண்டு நாளில் நானே எழுதினேன். சொல்லிக்கொள்வது கூடாதுதான், ஆனால் நல்ல வேலை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒரு பிழை. காலை பத்தரைக்கு அப்பா ‘வேண்டும்’ அழுத்தினார். “என்ன வேணுங்கப்பா?” மறுபடி வேண்டும். தண்ணீர் காட்டினேன், இல்லை. முதுகைத் திருப்பிவிட்டேன், இல்லை. வேண்டும். வேண்டும். வேண்டும். பதினோரு தடவை அந்தக் கிணற்றுக் குரல் கத்தியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

சாவி தானாகத் திரும்பத் திரும்ப அழுந்துகிறது போல. அந்த அமைப்பை அணைத்தேன். சரியாகிவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டர் போன் செய்தார். “கேட்டீங்களா தம்பி?”

“குரல் சிஸ்டம் செட் பண்ணிட்டிருக்கறனுங்க. இன்னும் பத்து நாள்ல—”

“எதுக்கு சிஸ்டம்?” என்றார்.

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

தண்ணீர் 350. புரை கணக்கில்லை.

செப்டம்பர் 14, சனி

விரல் நின்றுவிட்டது. கன்னத்தில் ஒட்டி, அதன் அசைவையே சாவியாக்குகிற உணரி ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி வரும்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை ஏழு மணிக்கு உதடு நீலம். ஆம்புலன்ஸ். அவசரப் பிரிவில் என் வயதுள்ள டாக்டர் ஒருவர்.

“மூச்சு போதல. குழாய் போட்டுறட்டுமா? போட்டா அப்புறம் மெஷின்லதான். வேண்டாம்னா கையெழுத்து வேணும். சீக்கிரம் சொல்லுங்க.”

“வேண்டாங்க சாமி,” அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர நோவிக்காதீங்க. அவரு யாருக்கும் பாரமா இருக்கமாட்டாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தை வாங்கினேன். கட்டிலின் ஓரத்தில் வைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது, வேறு இடமில்லை. அப்பாவுக்கு நினைவிருந்தது. நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தார். தலை மெல்ல இடமும் வலமும் அசைந்தது. ஆக்சிஜன் மாஸ்க் உறுத்துகிறது போல. நர்ஸிடம் சொல்லி எலாஸ்டிக்கைத் தளர்த்தவைத்தேன்.

உணரி வந்திருப்பதாகக் கூரியர்க்காரன் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலை 11.40.

செப்டம்பர் 28, சனி

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள அச்சகத்துக்குப் போனேன். கோகிலவாணி என்று ஒரு பெண், கல்லூரி முடித்தவள் போல, கணினியில் இருந்தாள். பழைய கார்டு ஒன்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்றாள். திறந்தாள்.

திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

“கோப்பு கெட்டுப்போச்சுங்க” என்றேன். எனக்குத் தெரிந்த விஷயம் அது.

“இல்லீங்ணா. சிஸ்டம் புதுசு, பழைய எழுத்துரு இன்னும் போடல. இந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல தெறந்தா இங்கிலீஸ் மாதிரித்தான் தெரியும். நாங்க கல்யாணக் கார்டெல்லாம் இன்னும் இதுலதான் அடிக்கறோம். இருங்க.” எதையோ நிறுவினாள். எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்கு. அத்தனையும் தமிழாக மாறின. யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி.

போனில் அந்தப் படத்தைத் தேடி எடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. படத்தைப் பெரிதாக்கி அவளிடம் நீட்டினேன். ‘இதை அப்படியே அடிங்க’ என்றேன். அவள் முதல் வரியை அடித்தாள். ஒன்பது தட்டு.

நவநீதனுக்கு

“யாருங்ணா நவநீதன்?”

“நாந்தான்.”

அடித்துக்கொண்டே போனாள். நாலாவது வரியில் வேகம் குறைந்தது. ஏழாவது வரியில் திரும்பி என்னைப் பார்த்தாள். மீதியையும் அடித்து முடித்து, திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்துபோனாள்.

*நவநீதனுக்கு,*

*முதல் ஐந்தும் சங்கக் கதை, அவசரமில்லை. இது உனக்கு. டாக்டர் வெளியே சொன்னது எனக்குக் கேட்டது. கதவு சாத்தவில்லை. நீயும் அம்மாவும் என்னிடம் கேட்கமாட்டீர்கள். என் அப்பாவிடம் நானும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது, அப்படியும் கேட்கவில்லை.*

*அதனால் நானே சொல்கிறேன். குழாய் போடச் சொல். எனக்கு இருக்க வேண்டும்.*

*இதை நேரில் காட்ட வெட்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் அப்புறம் இவருக்கு என்ன ஆசை என்று உன் அம்மா நினைப்பாள். பேச வேண்டாம், தின்ன வேண்டாம். படுத்துக்கொண்டு காலையில் குக்கர் விசில் கேட்டால் போதும். நீ இந்த டப்பாவைத் திட்டுவது கேட்டால் போதும். உங்களுக்குப் பாரம்தான். தெரிந்துதான் கேட்கிறேன்.*

*நீ எப்படியும் இதைப் பிரித்து நோண்டுவாய். அப்போது பார்ப்பாய் என்றுதான் இங்கே வைக்கிறேன். படித்ததும் ஒன்றும் பேச வேண்டாம். சரி என்றால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டு. அது போதும். முடியாது என்றாலும்*

படம் அதோடு முடிகிறது. திரையின் கடைசி வரி.

கார்டுக்கு விவரம் கொடுத்தேன். நூறு போதும் என்றேன். கோகிலவாணி முன்பணத்தை எண்ணும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

மூன்று நாளாக ஒரே கணக்கைப் போடுகிறேன்.

ஆகஸ்ட் 28 டிஸ்க்கை அழித்தேன். 29 காலையிலிருந்து அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் படித்துவிட்டேன் என்று நினைத்தார். “எல்லாம் பாத்துட்டனுங்கப்பா” என்று நானேதான் சொன்னேன். இருபத்திரண்டு நாள் நான் தலையாட்டக் காத்திருந்தார். செப்டம்பர் 3 சாவி பழுதாகவில்லை. பதினோரு தடவையும் அவர்தான் அழுத்தினார். 19 கட்டிலோரத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது, படித்துவிட்டுத்தான் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மாஸ்க் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காரிலேயே கேட்டிருக்கலாம். குழாய் வேண்டுமாங்கப்பா? ஒரு வரி. கடைசி நாள் வரைக்கும் அவர் கழுத்து அசைந்தது. தலையாட்டுவதற்கு எந்த இயங்குதளமும் தேவையில்லை. போனில் அந்த டாக்டர் ‘எதுக்கு சிஸ்டம்?’ என்று கேட்டது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மதியம் அம்மா கார்டுக்கட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்களின் பெயரை அவள் சொல்ல, நான் உறையில் எழுதினேன். ஒரு கார்டில் அப்பா படத்தின் மேல் விரல் வைத்து நிறுத்தினாள்.

“கஷ்டப்படுத்தாம அனுப்பி வெச்சோம். நிம்மதியாத்தான் போனாரு, இல்ல கண்ணு?”

போனில் அந்தப் படம் இருக்கிறது. அச்சகத்தில் அடித்துக் கொடுத்த தாள் என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருக்கிறது.

“ஆமாம்மா” என்றேன். தலையையும் ஆட்டினேன். அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.